மாதாவைப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் இருட்டு

போன கிழமை அனுஷா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். ரொறன்ரோ நகர நடுவில் உள்ள ஒரு கலைக்கூடத்தில் காற்றின் ஈரம், வெப்பம், வெளிச்சம் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பவியலாளர்.

"அக்கா, சின்ன ஹோலுக்குப் போற நடையிலை லைட்டை ஆர் உவ்வளவு குறைச்சு வச்சது? ஃபைலிலை ஒரு ரீசனும் இல்லை. கூட்டினா ஓகேயா?"

அடுத்த பருவத்திலிருந்து வழிகாட்டிகள் இல்லை என்றும் எழுதியிருந்தாள். காதில் மாட்டும் கருவியோடு ஆட்களை உள்ளே விடுவார்களாம். கதவு தானே திறந்து தானே மூடும். அந்த நடைவழியில் ஆட்களை எண்ணும் கமெரா ஒன்று பூட்டப்போகிறார்கள். அதற்கு இப்போதுள்ள வெளிச்சம் போதாது.

"கூட்டாதை" என்று மட்டும் பதில் போட்டேன். போட்ட பிறகு அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் சொல்லாத பதிலை நானே யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரி எழுத எனக்கு வயது போதாது. முப்பத்துநாலு வயதில் பென்ஷன் எடுத்தவள் என்று அம்மா வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது மார்க்கம் நகரில் கணினிச் சேவர்கள் அடுக்கிய ஒரு கட்டடத்தில் அதே ஈரத்தையும் அதே வெப்பத்தையும் பார்க்கிறேன். சேவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. அவற்றின் முன் யாரும் முழந்தாளிடுவதில்லை. சம்பளம் கூட, கவலை குறைவு. ஆனால் அந்தப் பழைய வேலையோடு ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதைத்தான் ஓய்வு என்கிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியில் வெப்பமூட்டி, குளிரூட்டி, காற்றுக்குழாய். பிறகு ஒரு மருத்துவமனையில் சத்திரசிகிச்சை அறைகளின் காற்று. அங்கிருந்து கலைக்கூடம். மருத்துவமனையில் காற்றில் பிழை வந்தால் மணி அடிக்கும். கலைக்கூடத்தில் காற்று பிழைத்தால் ஒரு சத்தமும் வராது, ஆறு மாதம் கழித்து ஒரு மரப்பலகையில் மயிரளவு வெடிப்புத் தெரியும். அந்தச் சத்தமில்லாமைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. கைபேசியில் ஈரத்தின் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்கும்போதும் அதைப் பார்ப்பேன்.

என் மேலதிகாரி டயான். கியூபெக்கிலிருந்து வந்தவர், ஓவியங்கள் பழுதாகாமல் பார்க்கும் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, எந்த ஓவியத்தின் முன் நின்றாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். எங்களையும் அப்படியே பழக்கினார். கை முன்னால் இருந்தால் அது ஏதாவது செய்யத் தேடும் என்பார். பல வருடம் பழகியதில் அவர் தேநீர் அறையிலும் அப்படியே நிற்பார்; யாராவது கோப்பையை நீட்டினால்தான் கை வெளியே வரும்.

மற்றது, அவர் ஒருபோதும் இல்லை என்று சொல்வதில்லை. நாம் ஒரு யோசனை சொன்னால் முழுக்கக் கேட்டுவிட்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பார். இரண்டாம் முறை சொல்லும்போது நம் வாயாலேயே நம் பிழை நமக்குக் கேட்கும். பலர் பாதியில் நிறுத்திவிட்டு, "சரி, நான் யோசித்துவிட்டு வருகிறேன்" என்று திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் போயிருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் இத்தாலியிலிருந்து இரவலாக ஒரு ஓவியம் வந்தது. மாதாவும் குழந்தையும். ஐந்நூறு வருடப் பழையது, பள்ளிக்கூடப் புத்தகங்களில் அச்சாகியிருப்பது, கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் எல்லோரும் கண்டிருப்பது. துணியில் அல்ல, மரப்பலகையில் தீட்டியது. மரம் வெட்டுப்பட்டு ஐந்நூறு வருடம் ஆனாலும் காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். அதனால் பெட்டி வந்ததும் உடனே திறக்க முடியாது. எங்கள் அறையின் காற்றுக்குப் பெட்டி பழகும்வரை அது மூடியபடியே இருந்தது. பக்கத்தில் நாங்கள் ஆளுக்கொரு முறை போய் நின்றுவிட்டு வந்தோம், ஏதோ பிள்ளை பிறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி. திறந்த பிறகு ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, டயான் பலகையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் இத்தாலியிலிருந்து கூட வந்தவரின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று மாலை அது சின்ன ஹோலில் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. கண்ணாடியில் அதிர்வை உணரும் கருவி. முன்னால் ஒரு கயிறு. வெளிச்சம் இரவல் கொடுத்தவர்கள் சொன்ன அளவு, ஒரு சொட்டும் கூடாது.

ஆட்களைச் சிறு குழுக்களாக, வழிகாட்டியோடு மட்டும் விடுவோம். முதல் கதவு திறக்கும், குழு நடைக்குள் வரும், அது மூடிய பிறகே இரண்டாம் கதவு திறக்கும். உள்ளே சில நிமிடம். மனிதர்கள் மூச்சு விடுவார்கள்; ஈரமான ஜாக்கெற்றோடு வருவார்கள்; கோடு ஏறும். குழு வெளியேறியதும் அறைக்குச் சற்று ஓய்வு. பிறகு அடுத்த குழு.

நகரத்தின் பல மொழிகளிலும் வழிகாட்டல் வைப்பது என்று மேலிடம் முடிவெடுத்தது. தமிழுக்கு ஆள் இல்லை. என் பெயரைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்கள். நான் வழிகாட்டியல்ல என்றேன். வாய் இருக்கிறதுதானே என்றார்கள். ஆகவே நான் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதினேன்: பலகை, பசை, வெள்ளைப் பூச்சு, நிறம், பொன், பிறகு வந்த திருத்த வேலைகள். அடியிலிருந்து மேலே, எனக்குப் புரிகிற ஒழுங்கில்.

முதல் குழு ஸ்கார்பரோவில் ஒரு கோயிலைச் சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள். ஜோசப்பின் அன்ரி என்பவர் ஒழுங்கு செய்திருந்தார். மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்கு முன்னால் பஸ் ஏறி, பனிக்குள்ளால் வந்து இறங்கினார்கள். பெண்கள் குளிர் ஜாக்கெற்றுக்குக் கீழே நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். எனக்கு அப்போதே சற்றுத் திக்கென்றது. ஓவியம் பார்க்க வருபவர்கள் அப்படி உடுத்து வருவதில்லை.

நான் சைவ வீட்டுப் பிள்ளை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையூர்களிலும் தீவுகளிலும் மாதாவின் சுரூபம் ஊர் ஊராகப் போவது, வாசலில் பந்தல் போட்டு அவவை வரவேற்பது எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்டதில்லை. அவர்களுக்கு இது கண்காட்சி அல்ல. மாதா ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறா, அவ்வளவுதான். நான் பலகையைப் பற்றித் தொடங்கியதும் ஒருவர் கையை உயர்த்தி, இவ இத்தாலியில் எந்தக் கோயிலில் இருந்தவ என்று கேட்டார். இன்னொருவர், ப்ளேனில் ஏற்றும்போது பூசை வைத்தார்களா என்றார். நான் பசைக்குப் போனேன்.

வெள்ளைப் பூச்சில் நிற்கும்போது அவர்கள் கயிற்றோரமாக வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கோயிலில் கயிறு கட்டினால் அது வரிசைக்கு. கிட்டப் போகாதே என்பதற்கு அல்ல. முன்னால் நின்ற திரேசம்மா என்ற முதியவர் கை துடைக்கும் லேஞ்சியை எடுத்து, கயிற்றுக்கு மேலால் எட்டிக் கண்ணாடியில் ஒற்றி, அதைத் தன் நெற்றியில் வைத்தார். கருவி கீச்சிட்டது. அவருக்குப் பின்னால் எல்லாக் கைகளிலும் லேஞ்சிகள். காவலாளி ஓடிவந்தார். நான் கைகளை விரித்துக்கொண்டு இடையில் நின்றேன். அறை உடனே காலி செய்யப்பட்டது. நிறங்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வெளியே கண்ணாடிக் கூரை போட்ட முற்றத்தில் ஜோசப்பின் அன்ரி ஆட்களை ஏசிக்கொண்டிருந்தார். திரேசம்மா மட்டும் நிம்மதியாக, லேஞ்சியை நாலாக மடித்து ஹாண்ட்பாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது.

அங்கேதான் சூசை அங்கிளைக் கண்டேன். உயரமான, மெலிந்த மனிதர். விட்பியில் புது வீடுகளுக்கு உள்பக்கம் பெயின்ற் அடித்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமும் ஒரே வெள்ளைதான் அடித்தேன், வெள்ளைக்கு அவங்கள் வருசத்துக்கொரு பேர் வைப்பாங்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். குழப்பம் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு ஒரு குறையுமில்லைப் பிள்ளை. வடிவாய்ப் பாத்தனான். அந்த நீலச் சீலை... எப்பிடிப் பளிச்செண்டு கிடக்கு."

நான் ஓம் அங்கிள் என்றேன். அவரும் பேச்சை விட்டுவிட்டார்.

அந்த மாதாவின் போர்வையில் நீலம் இல்லை. ஒரு காலத்தில் நீலம் பூசித்தான் இருந்தார்கள். மேலே பூசிய எண்ணெயும் காலமும் சேர்ந்து அது கறுத்து, கரும்பச்சையாகிவிட்டது. பார்த்த எவருக்கும் அதில் மயக்கம் வராது. ஆனால் கோயிலில், வீட்டில், கலண்டரில் உள்ள மாதா எல்லாருக்கும் நீலம்தான். பார்க்காதவர் ஒருவர் சொல்லக்கூடிய நிறம் அது.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உள்ளே நின்றபோது அவர் ஓவியத்தைப் பார்க்கவில்லை. முகத்தைச் சரித்து, சுவரில் நான் பூட்டிய ஈரமானியையே பார்த்தபடி நின்றார். என் கருவியை ஒருவராவது கவனிக்கிறார் என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அன்று பின்னேரம் டயானிடம் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கயிற்றைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நானே நின்றேன். கை நீட்டாதீர்கள் என்பதைத் தமிழில் யாரும் அவர்களுக்குச் சொல்லவேயில்லை. டயான் தலையை மட்டும் அசைத்தார். அடுத்த தமிழ்க் குழு வேண்டாம் என்று மேலிடம் சொல்கிறது, ஓவியம் திரும்பிப் போக இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது, யோசிப்போம் என்றார்.

நான் ஜோசப்பின் அன்ரிக்கு போன் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சூசை அங்கிளின் கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கும் தெரியும் பிள்ளை. நாலு பேருக்கு முன்னாலை கேக்கேலுமே?"

நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு மார்க்கத்தில் ஊசி போடுகிறார்கள். அது எவ்வளவு காலம் தாங்கும் என்று டொக்டரே சொல்லவில்லை. நேரே பார்த்தால் ஒரு கறுப்புப் பொட்டு, கரையால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். மாதா வந்திருக்கிறா என்று கேள்விப்பட்ட நாள் முதல் இதை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பார்த்துவிட்டேன் என்று மகளுக்கும் சொல்லிவிட்டார். இனி மாற்றிச் சொல்ல முடியாது.

இரண்டு நாள் அது என்னை விடவில்லை. ஓவியத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. அது என் கையில் இல்லை, டயானின் கையிலும் இல்லை. கயிற்றுக்கு உள்ளே விட முடியாது. வேறு என்ன இருக்கிறது என்று அறையை மனதில் முன்னும் பின்னுமாக நடந்து பார்த்தேன். நடந்துகொண்டே வெளியே போனதும்தான் பிடிபட்டது. பிழை அறைக்குள் இல்லை, அறைக்கு முன்னால் இருந்தது. அவர்கள் பனியில் வெயில் பட்டுத் தெறிக்கும் தெருவிலிருந்து, கண்ணாடிக் கூரை முற்றத்துக்கு வந்து, பளீரென்ற நடையைத் தாண்டி நேரே மங்கல் அறைக்குள் போகிறார்கள். என் கண்ணுக்குச் சற்று நேரம் போதும். அவருடையதைப் போன்ற கண், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நெடுநேரம் எடுக்கும். அவர் கண் திறக்குமுன் குழுவின் நேரம் முடிந்துவிடுகிறது.

பெட்டியை ஒரு நாள் முழுக்க அறைக்குப் பழக்கிய நாங்கள், பார்க்க வருகிறவர்களின் கண்ணை ஒரு நிமிடம்கூடப் பழக்கவில்லை.

டயானிடம் போனேன். கலைக்கூடம் திறக்குமுன், காலையில், முதல் குழுவாக அவர்களை விடவேண்டும். நடையின் விளக்கை அணைத்து அவர்களை அங்கே நிறுத்தி வைக்கிறேன். வெளியேறும் கதவைக் காட்டும் சிவப்பு விளக்கு சட்டப்படி எரிய வேண்டும், எரியட்டும். சிவப்பு, இருட்டுக்குப் பழகும் கண்ணைக் கெடுக்காது. மூச்சு ஈரமெல்லாம் நடையிலேயே தங்கும், அறைக்குள் போகாது.

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

சொன்னேன். எந்த இடத்திலும் நிற்கவில்லை. ஒரு சொல்லும் மாறவில்லை.

டயான், நானும் கூட நிற்பேன் என்றார். கண்ணாடியில் ஒரு விரல் பட்டாலும் அதோடு முடிந்தது. பொதுமக்களின் முதல் குழு வாசலுக்கு வந்துவிட்டால் நாம் வெளியே, யார் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

அன்று காலை ஜோசப்பின் அன்ரி பஸ்ஸிலேயே ஒரு பிளாஸ்ரிக் பையை நீட்டி எல்லாருடைய லேஞ்சியையும் வாங்கிவிட்டார். திரேசம்மா இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றை மட்டும்தான் முதலில் கொடுத்தார். கையை எப்படி வைத்திருப்பது என்று டயான் தானே நின்று காட்டினார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

நடைக்குள் நிறுத்தி விளக்கை அணைத்தேன். இருட்டில் சும்மா நிற்க யாருக்கும் வராது. ஒருவர் இருமினார், ஒருவர் சிரித்தார். ஜோசப்பின் அன்ரி என் காதுக்குள், செபமாலை சொல்லலாமா, ஒரு காரணிக்கம், பத்து மணி உருட்டுவதுதான் என்று கேட்டார். எவ்வளவு நேரம் எடுக்கும் என்றேன்.

"அது ஆர் சொல்லுறதெண்டதிலை இருக்கு. திரேசம்மாட்டைக் குடுத்தா பஸ் போயிடும். நான் சொல்லுறன்."

மெல்லிய குரலில் தொடங்கினார். அவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொன்னார்கள். நான் பின்னால் நின்றேன். என் கண் பழகியதும் சிவப்பு மங்கலில் அவர்களுடைய முதுகுகள் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளில் செபமாலைகள். விரல்கள் மணியை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தன. டயான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பத்து மணியும் உருண்டு முடிந்ததும் வெளிச்சம் அளக்கும்போது நான் பாவிக்கும் வெள்ளை மட்டையைச் சூசை அங்கிளின் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். தெரிகிறதா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை." பிறகு மெதுவாக, "நீங்கள் போங்கோ. நான் உதிலை நிக்கிறன். நான் முந்தியே பாத்தனான்தானே" என்றார்.

எல்லோருக்கும் அது கேட்டது. மற்றவர்களுடைய கண் ஏற்கெனவே பழகியிருந்தது. அவர்கள் உள்ளே போயிருக்கலாம். ஜோசப்பின் அன்ரி யாரையும் பார்க்காமல் அடுத்த காரணிக்கத்தைத் தொடங்கினார். ஒருவரும் அசையவில்லை. என் கைபேசியில் நடையின் ஈரக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. அறையின் கோடு அசையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், பொதுக்குழு முற்றத்தில் கூடத் தொடங்கியிருக்கும். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

இரண்டாவதும் முடிந்தது. மட்டையைப் பிடித்தேன். சூசை அங்கிள் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அப்போது ஜோசப்பின் அன்ரி இருட்டில் திரும்பி, "திரேசம்மா, இனி நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

திரேசம்மா சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய முழு இடத்தைக் கொடுத்துச் சொன்னார். வெளிக்கதவில் காவலாளி ஒருமுறை மெல்லத் தட்டினார். டயான் கதவுப் பக்கம் போய், கதவோடு முதுகை வைத்து நின்றார். நான் கைபேசியை மூடிப் பொக்கற்றில் போட்டேன். வேலையில் இருக்கும்போது அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. கடைசி மணிக்கு முன்னால் மட்டையைப் பிடித்தேன்.

"கரையிலை ஏதோ வெள்ளையாய்க் கிடக்கு" என்றார் சூசை அங்கிள்.

உள்கதவைத் திறந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வெளிச்சம், நான் தினமும் அளந்த அதே வெளிச்சம், அடுப்பில் தணல் மாதிரி எரிந்தது. யாரும் கயிற்றுக்குக் கிட்டப் போகவில்லை. சூசை அங்கிளை நடுவில் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். அவர் முகத்தை இடது பக்கம் சரித்தார், ஈரமானியின் பக்கமாக. அப்படியே நின்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. பலகை, பசை, பூச்சு எதுவும் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றி வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

நெற்றி சுருங்கியது. தலையை இன்னும் கொஞ்சம் சரித்தார்.

"பிள்ளை," என்றார், "உது நீலம் இல்லை."

கொஞ்சம் பொறுத்து, "பச்சை. கறுத்த பச்சை. ஆரோ மேலாலை வாணிஷ் அடிச்சுக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றார். குரலில் கோபம் இருந்தது. ஜோசப்பின் அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்; லேஞ்சிதான் பையில் இருந்ததே.

டயான் என் பக்கத்தில் வந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

அது நீலம் இல்லையாம் என்று திரும்பச் சொன்னேன். பிழை தேட அவர் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நேரம் முடிந்தது. அவர்கள் வந்தபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். பொதுக்குழு வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. அவர்கள் உள்ளே வருமுன் நடையின் விளக்கைப் பழையபடி பளீரென்று போடவேண்டும். நான் சுவிச்சுக்குக் கை நீட்டினேன். டயான் தன் வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.